ஆற்றங்கரை வீட்டுக்கு எந்த அலமாரி?

புனேயை அடுத்த சாங்வியில் கட்டிலையும் சுவர்ப் பூச்சையும் தேர்ந்தெடுப்பதில் ரசனைக்கு இடம் உண்டு. ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீரில் இரண்டு நாள் நின்றபின் எது மிஞ்சும் என்ற கணக்கு அதற்கு முன்னால் வருகிறது.

புனேயின் ஔந்த் பகுதியிலிருந்து ராஜீவ் காந்தி பாலத்தின் வழியே முளா நதியைக் கடந்தால் சாங்வி. ஒரு புறம் முளா, மறு புறம் பவனா. இரண்டு நதிகளும் தாபோடி அருகே கூடும் முனையில் இருக்கிறது பழைய சாங்வி. சிறு மனைகளில் எழுந்த இரண்டு, மூன்று மாடி வீடுகள், குறுகிய தெருக்கள். சற்றுத் தள்ளிப் புதிய சாங்வி. அங்கே அடுக்ககங்கள் அதிகம். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியில் அடங்கிய இந்தப் பகுதிக்கு ஹிஞ்ஜவடி மென்பொருள் பூங்காவும் பிம்ப்ரியின் தொழிற்சாலைகளும் எட்டாத தூரத்தில் இல்லை. அதனால் வேலை தேடி வந்தவர்கள் வாடகைக்கு அமர்ந்து, பிறகு கடன் வாங்கிச் சொந்த வீட்டுக்குப் போகிற ஊராக இது மாறிவிட்டது.

சாவி கைக்கு வந்ததும் இரண்டாவது செலவு தொடங்குகிறது. சமையலறை அலமாரி, படுக்கையறையில் சுவரோடு சுவராக ஒரு பீரோ, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு மரப் பலகைச் சுவர், கூடத்தில் ஒரு பக்கம் மட்டும் வால்பேப்பர். கடையில் காட்டும் மாதிரிப் புத்தகத்தில் நூறு நிறங்களில் சன்மைக்கா இருக்கும். எது வெளுக்கும், எது கீறல் விழும் என்றெல்லாம் வாங்குபவர்கள் விசாரிக்கிறார்கள். இதை நனைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. குளிரூட்டிய கடையில் அந்தக் கேள்வி தோன்றுவதும் கடினம்தான்.

சாங்வியில் அது தோன்றியாக வேண்டும். 2019 ஆகஸ்டிலும் 2024 ஜூலையிலும் பழைய சாங்வியின் ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறியது. முளாநகர், மதுபன் சொசைட்டி போன்ற பெயர்கள் மழைக்காலச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை. இதில் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத ஒரு விசித்திரம் உண்டு. புனே நகரம் பெருமழை பெறும் ஊர் அல்ல. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர். சென்னையின் மழை இதைவிட மிக அதிகம். ஆனால் மேற்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் மலைத்தொடர். லோனாவளாவில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும். 2024 ஜூலை கடைசி வாரத்தில் தாம்ஹினி கணவாயில் ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தத் தண்ணீர் முள்ஷி, பவனா அணைகளில் சேர்ந்து, அணை நிரம்பியதும் திறந்துவிடப்பட்டுச் சாங்விக்கு வருகிறது. தெருவில் தூறல் மட்டும் இருக்கும்போதே வாசல்படிக்கு நதி வந்துவிடும். நள்ளிரவில் அறிவிப்பு வந்தால் குழந்தைகள், முதியவர்கள், சான்றிதழ்கள், நகை, சிலிண்டர் என்ற வரிசையில்தான் ஆட்கள் யோசிப்பார்கள். ஆணி அடித்துப் பொருத்திய அலமாரி அந்த வரிசையில் இல்லை.

மகாராஷ்டிரத்தில் நதிகளுக்கு இரண்டு கோடுகள் வரையப்படுகின்றன. நீலக் கோடு, 25 ஆண்டுகளில் ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்தின் எல்லை. சிவப்புக் கோடு, 100 ஆண்டு வெள்ளத்துக்கு உரியது. வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்பவர்கள் இந்தக் கோடுகளையும் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் மிஞ்சும் கேள்வி ஒன்றே: தரைத்தள வீட்டில் எதை வைப்பது, சுவரில் எதைப் பூசுவது?

பலகையின் வயிறு

இன்று கடைகளில் தயார் நிலையில் விற்கும் மேஜை, அலமாரிகளில் பெரும் பகுதி பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். மரச் சில்லுகளையோ நாரையோ பிசினில் குழைத்து அழுத்திய பலகைகள் இவை. மேலே ஒட்டிய தாளில் தேக்கு ரேகை இருக்கும். உள்ளே இருப்பது தூள்தான். உலர்ந்த அறையில் இவற்றின் மேல் குறை சொல்ல அதிகம் இல்லை. மலிவு, நேர்த்தி, வளைவதில்லை. இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் இளம் குடும்பங்களுக்கு இது வசதி. தண்ணீர் பட்டால் மட்டும் கதை வேறு. ஓரங்களிலும் திருகாணித் துளைகளிலும் ஈரம் நுழைந்து, பலகை ஊறிப் பருத்துவிடும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. திருகாணி பிடிப்பு விட்டுப்போகும். வெள்ளம் வடிந்த தெருக்களில் குப்பை வண்டிக்குக் காத்திருக்கும் குவியலில் வயிறு வீங்கிய பலகைகள்தான் அதிகம் கிடப்பதற்குக் காரணம் இது. சென்னை வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அடுத்தது பிளைவுட். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டியது. இதில் மூன்று ரகங்கள் உண்டு என்பது தச்சருக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. கடையில் 'கமர்ஷியல்' என்று சொல்வது எம்.ஆர். ரகம். ஈரக் காற்றைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. அதற்கு மேல் பி.டபிள்யூ.ஆர். ரகம். இரண்டுக்கும் இந்தியத் தர எண் ஐ.எஸ். 303. மூன்றாவது, கடற்பணிக்கு உரிய 'மெரைன்' ரகம். அதன் எண் ஐ.எஸ். 710. இதன் மாதிரித் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு வைத்த பின்னும் தகடுகள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது விதி. பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் எண்ணையும் நேரில் பார்த்து வாங்குவதே சரி. புனேயில் பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பலகையைத் தாங்களே எடுத்துத் தச்சரிடம் கொடுக்கும் பழக்கம் இன்னும் உள்ளவர்கள் இந்த வகையில் புத்திசாலிகள். அறுத்து, சன்மைக்கா ஒட்டிய பிறகு எந்த எண் உள்ளே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சூட்சுமம். விலை உயர்ந்த மெரைன் பலகை வாங்கிக் கொடுத்தும், முதல் வெள்ளத்திலேயே சன்மைக்கா உரிந்து விழுவது உண்டு. குற்றவாளி பலகை அல்ல, பசை. தச்சர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, நீரில் ஊறினால் இளகும் தன்மை உடையது. நீர் தாங்கும் ரகப் பசை தனியாக விற்கிறது. மொத்தச் செலவில் அதனால் கூடும் தொகை சிறிது. பலகைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பசையில் மிச்சம் பிடிப்பதுபோல அசட்டுத்தனம் வேறில்லை. அலமாரியின் அடிப்பக்கமும் முதுகும் கண்ணில் படாத இடங்கள் என்பதால் பூசாமல் விடப்படுகின்றன. நீர் முதலில் வருவது அந்த வழியாகத்தான். எல்லா ஓரங்களையும் அடைக்கச் சொல்லி, நின்று பார்ப்பது அவசியம்.

கட்டி மரத்துக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. சேற்றைக் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் மெதுவாக உலர்த்தினால் தேக்குக் கட்டில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மெருகு போகும், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். விலைதான் தடை. அதனால் எல்லாவற்றையும் தேக்கில் செய்வதைவிட, இடுப்புக்குக் கீழே இருப்பதற்கு நல்ல மரமோ உலோகமோ, மேலே தொங்கும் அலமாரிகளுக்கு மலிவுப் பலகை என்று பிரித்துச் செலவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். கடைக்காரர்கள் ஒரே நிறத்தில், ஒரே பலகையில் 'செட்' ஆக விற்கவே விரும்புவார்கள். வீட்டுக்காரர் பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடம் இது.

சமையலறையில் இந்தப் பிரிவினைக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. கடப்பைக் கல். புனேயின் பழைய வீடுகளிலும் தமிழ்நாட்டு வீடுகளிலும் மேடைக்குக் கீழே கறுப்புக் கல் பலகைகளை நிறுத்தித் தட்டுகள் அமைத்தார்கள். மராத்தியிலும் அதற்குக் 'கடப்பா' என்றே பெயர். வெள்ளம் வந்தால் குழாயைத் திறந்து கழுவிவிடலாம். இதன்மேல் கதவுகளை மட்டும் பிளைவுட்டிலோ அலுமினியத்திலோ மாட்டினால் பார்வைக்கும் குறைவில்லை. கெட்டால் கதவு மட்டும்தான் கெடும்.

இரும்பு பீரோவை இந்தத் தலைமுறை அழகில்லை என்று ஒதுக்கிவிட்டது. கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923இல். அதன்பின் பல பத்தாண்டுகள் இந்திய நடுத்தர வீடுகளில் கல்யாணச் சீர் என்றாலே அது இல்லாமல் இல்லை. துரு பிடிக்கும், உண்மை. அடித் தகட்டில்தான் முதலில் பிடிக்கும். அரை அடி உயர இரும்புச் சட்டத்தின்மேல் நிறுத்தி வைத்தால் சிறு வெள்ளங்கள் அதைத் தொடுவதில்லை. சுவரோடு பொருத்தாததால் நான்கு பேர் சேர்ந்தால் மாடிக்கும் தூக்கிவிடலாம். சோபாவுக்கும் இதே நியாயம் பொருந்தும். தரையோடு ஒட்டி உட்காரும் கனத்த சோபா, அடியிலிருந்து நீரை உறிஞ்சும் பஞ்சு மூட்டை. உயரக் கால் வைத்த மர நாற்காலியில் மெத்தையைத் தனியாக எடுக்க முடியும். கூடவே, கூரைக்கு அடியில் வலுவான பரண். நாகரிகமான அலங்காரத் திட்டங்களில் பரண் காணாமல் போய்விட்டது. ஆற்றோரத் தரைத்தள வீட்டில் அதைவிடப் பயனுள்ள மரவேலை எதுவும் இல்லை.

சுவர் குடிக்கும் தண்ணீர்

மரச் சாமானைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்கலாம். சுவரை அப்படிச் செய்ய முடியாது. புனேயில் கட்டடக்காரர்கள் பலர் உட்சுவர்களுக்குச் சிமென்ட் பூச்சுக்குப் பதிலாக ஜிப்சம் பூச்சு பூசுகிறார்கள். நாள்கணக்கில் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடிகிறது, கண்ணாடிபோல வழவழப்பு. உலர்ந்த மாடி வீட்டுக்கு நல்ல பூச்சுதான். ஆனால் ஜிப்சம் சிறிதளவு நீரில் கரையும் பொருள். நனைந்தால் வலுவிழந்து, மாவாக உதிரும். தரைத்தள வீட்டில் சுவரின் கீழ் நான்கடிக்காவது சிமென்ட் பூச்சு வேண்டும் என்று கட்டும்போதே கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே ஜிப்சம் பூசிய வீடானால், அந்த உயரம் வரை கொத்திவிட்டு மாற்றுவது ஒரு தடவைச் செலவோடு போகும்.

வெள்ளம் வடிந்த கோடு சுவரில் தெரியும். ஓதம் ஏறுவது அந்தக் கோட்டுக்கும் மேலே. செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள நுண்துளைகள் விளக்குத் திரிபோல நீரை மேலே இழுக்கின்றன. பிறகு நீர் ஆவியாகி, உப்பு வெளியே பூக்கிறது. வர்ணம் கொப்பளிப்பது இதனால்தான். பிளாஸ்டிக் எமல்ஷன் வகை வர்ணங்கள் சுவரின் மேல் ஒரு தோல்போலப் படிவதால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் தோலை ஊதிப் பிரித்துவிடும். சுண்ணாம்பு வெள்ளைக்கு அந்தத் தோல் இல்லை. ஈரம் தன் வழியில் வெளியேறும். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள், அந்தச் செலவைக் கொப்பளித்த எமல்ஷனைச் சுரண்டிப் பட்டி வைத்துத் திரும்பப் பூசும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சுவரின் கீழ்ப் பாதியில் ஓடு பதிப்பது இன்னொரு வழி. வெள்ளச் சேற்றைக் கழுவ எளிது. ஆனால் அடித்தளத்திலிருந்தே ஓதம் ஏறும் வீட்டில் ஓடு நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. ஓட்டுக்கு மேலே போய்ப் பூக்கும். வால்பேப்பரைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்: தரைத்தளத்தில் வேண்டாம். மரத் தரை என்ற பெயரில் ஒட்டப்படும் பலகைத் தரைக்கும் அதே வாக்கியம்தான். பழைய புனே வீடுகளில் பாவிய ஷாஹாபாத் கல் இவை எல்லாவற்றையும்விட அதிகம் வெள்ளம் பார்த்திருக்கிறது.

மாடிக்காரர்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குச் சுவரில் மழை அடிக்கும். அதில் ஒட்டிவைத்த பீரோவின் முதுகில் பூஞ்சணம் படரும். பெரிய அலமாரிகளை வெளிச்சுவரில் சார்த்தாமல் உட்சுவரில் வைப்பதும், இரண்டு அங்குல இடைவெளி விடுவதும் காசு செலவில்லாத வைத்தியம்.

பழசெல்லாம் கெட்டி அல்ல

இந்த இடத்தில் பழைமையைப் புகழத் தோன்றும். புனேயின் பழைய பேட்டைகளில் பேஷ்வா காலத்து வாடாக்களைப் பார்த்தவர்களுக்கு அது இயல்பு. 1807இல் கட்டப்பட்ட விஷ்ராம்பாக் வாடாவின் செதுக்கிய தேக்குத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் பணக்காரரின் வாடா வேறு, சாதாரணக் குடும்பத்தின் வாடா வேறு. 1961 ஜூலை 12ஆம் தேதி பான்ஷெத் அணை உடைந்து முட்டா நதி நகருக்குள் புகுந்தபோது, மண் சாந்தில் கட்டிய பழைய வீடுகள் ஏராளமாகச் சரிந்தன. மேலே மரவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் செங்கல்லைப் பிடித்திருந்த மண் நீரில் கரைந்துவிட்டது.

செட்டிநாட்டு வீடுகள் இதற்கு எதிர்ச் சான்று. முட்டை வெண்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தின் வழவழப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வீடுகளின் உயர்ந்த அடித்தளத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கடல் வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள் தாங்கள் என்பது நகரத்தார் மரபு. மழை குறைந்த அந்தச் சீமையிலும் தெருவிலிருந்து படியேறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். சாங்வியின் தரைத்தள வீட்டுக்காரர் இனி அடித்தளத்தை உயர்த்த முடியாது. சாமானை உயர்த்தலாம்.

காய்வதற்கு முன் வர்ணம்

வெள்ளம் போன பிறகு நடக்கும் பெரிய தவறு அவசரம். அடுத்த மாதம் பிள்ளையார் சதுர்த்தி. மகாராஷ்டிரத்தில் வீட்டுக்கு கணபதி வரும் நாளில் சுவர் அழுக்காக இருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே சேற்றைத் துடைத்து, ஈரச் சுவரிலேயே பட்டி வைத்து, வர்ணம் அடித்துவிடுகிறார்கள். தீபாவளிக்குள் அது கொப்பளித்துவிடும். நன்றாக ஊறிய செங்கல் சுவர் காய வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகுதான் உருப்படியாகக் காயத் தொடங்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடா ஒட்டிச் சுவரில் பதித்து, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். உட்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தால் வர்ணக்காரரைத் திருப்பி அனுப்பிவிடலாம். பண்டிகைக்குச் சுண்ணாம்பு ஒரு கை அடித்துக்கொள்வதில் கௌரவக் குறைவு இல்லை.

பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில், குறிப்பாகக் கதவு, ஜன்னல்களின் எண்ணெய் வர்ணத்தில், ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் தூள் குழந்தைகளுக்குக் கெடுதல். நனைத்துத் தேய்க்கச் சொல்லி, அன்று பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவிடுவது உத்தமம்.

இன்னொன்று அலங்காரக் கணக்கில் யாரும் சேர்க்காதது: காப்பீடு. வீட்டுக் கடனோடு வங்கி எடுக்கச் சொல்லும் பாலிசி பல சமயம் கட்டடத்துக்கு மட்டுமே. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி வெள்ள சேதத்தையும் உள்ளடக்கியது. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பொருந்தும். வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். இழப்பீடு கேட்கும்போது பொருள் இருந்ததற்குச் சான்று வேண்டும். தச்சருக்குக் கொடுத்த பணத்துக்குப் பெரும்பாலும் ரசீது இருப்பதில்லை. ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்த நாளில் ஒவ்வோர் அறையையும் படம் பிடித்து, கைபேசியில் மட்டுமின்றி வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைத்துவிடலாம்.